2014 கேம்ரி ஹைபிரிட் வாங்கலாமா? பழைய பேட்டரியோட உண்மை நிலையை எப்படித் தெரிஞ்சுக்கறது?

கொளத்தூர்_செல்வா:

எல்லாருக்கும் வணக்கம். மாதவரம் பக்கம் ஒரு செகண்ட்ஸ் கார் வியாபாரிகிட்ட 2014 கேம்ரி ஹைபிரிட் ஒண்ணு பார்த்திருக்கேன். ரெண்டாவது ஓனர், 1,10,000 கி.மீ. சொச்சம் ஓடியிருக்கு. பாடி, இன்ஜின், ஏசி மூணும் திருப்தி. கவலை மோட்டாரை ஓட்டற அந்தப் பெரிய ஹைபிரிட் பேட்டரியை நினைச்சுதான். வியாபாரி பேட்டரி சார்ஜ் காட்டற டிஸ்பிளேவைக் காட்டி "பாருங்க சார், கோடு ஃபுல்லா இருக்கு, பேட்டரி சூப்பர்"னு சொல்றார். ஆனா ஓட்டிப் பார்க்கும்போது மூலக்கடை சிக்னல்ல நின்னப்போ அந்தக் கோடெல்லாம் மளமளன்னு இறங்கிச்சு. இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அதே வேகத்துல ஏறிடுச்சு. இது சகஜமா, இல்ல பேட்டரி போற அறிகுறியா? தினமும் ஸ்ரீபெரும்புதூர் போய் வரணும். தப்பான வண்டியில பணத்தைப் போட்டுட்டு நிக்க முடியாது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மூலக்கடை_டிராவல்ஸ்:

தம்பி, பத்து வருஷம் தாண்டின ஹைபிரிட், அதுவும் லட்சம் கி.மீ. ஓடினது. தொடாதீங்க. இதே காசுக்கு நல்ல டீசல் இன்னோவா கிடைக்கும். கேக்கறதுன்னா 50,000க்குள்ள ஓடின வண்டியா பார்த்துக் கேளுங்க.

லோகோ_ரிடையர்டு:

வணக்கம் செல்வா. ரயில்வேயில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், வீடு பெரம்பூர். வீட்டில் பழைய கேம்ரி ஹைபிரிட் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இந்த விஷயத்தில் அரைகுறைத் தகவலை நம்பி நல்ல வண்டியைக் கைவிட்டவர்களும் உண்டு, மோசமான வண்டியைத் தலையில் கட்டிக்கொண்டவர்களும் உண்டு.

முதலில் கி.மீ. விஷயம். டிராவல்ஸ் சார் சொல்வது டீசல் இன்ஜினுக்குச் சரி. இந்த பேட்டரிக்கு அது பாதிக் கணக்குதான். உள்ளே இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை பேட்டரி. சும்மா நிறுத்தி வைத்தாலும் தானாகவே சார்ஜ் கரையும், அதுவும் எல்லா செல்லிலும் ஒரே அளவில் கரையாது. மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியில் சில செல் மேலேயும் சில செல் கீழேயும் போய்விடும். தினமும் ஓடிய 1,50,000 கி.மீ. வண்டியின் பேட்டரி, வெயிலில் மூடிக் கிடந்த 40,000 கி.மீ. வண்டியின் பேட்டரியைவிட ஆரோக்கியமாக இருக்கலாம். குறைவாக ஓடியது என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

அடுத்தது டிஸ்பிளே கோடு. அது இப்போது எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைக் காட்டாது. பாதியாகச் சுருங்கிய பேட்டரியிலும் கோடு ஃபுல்லாகவே நிற்கும். ஆகவே வியாபாரி காட்டியது எதற்கும் ஆதாரம் இல்லை.

ஆனால் நீங்கள் கவனித்தது முக்கியமானது: கோடு எவ்வளவு வேகமாக இறங்குகிறது. கேம்ரியில் 34 மாட்யூல் தொடராக இணைத்திருக்கிறார்கள். மாட்யூலுக்கு ஆறு செல், ஆக 204 செல். செல்லுக்கு 1.2 வோல்ட் என்றால் 244.8 வோல்ட். கொள்ளளவு 6.5 ஆம்பியர்-அவர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 1,590 வாட்-அவர், நம் இபி பில் கணக்கில் 1.6 யூனிட். அவ்வளவு பெரிய காருக்கு இவ்வளவுதான். இதிலும் கம்ப்யூட்டர் ஏறக்குறைய 40 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்குள்தான் புழங்கவிடும்.

இப்போது மூலக்கடை சிக்னலுக்கு வாருங்கள். மத்தியான வெயிலில் ஏசியும் மற்றதும் சேர்ந்து ஒன்றரை கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரியில் 10 சதவீதம் என்பது 0.16 யூனிட். நல்ல பேட்டரியில் அந்தப் பத்து சதவீதம் கரைய ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகவேண்டும். இரண்டே நிமிடத்தில் கரைந்தால் கொள்ளளவு எங்கோ போய்விட்டது என்று அர்த்தம். திரும்ப ஏறுவதும் அப்படித்தான். சிறிய பாத்திரம் சீக்கிரம் காலியாகும், சீக்கிரம் நிறையும்.

எனவே மறுபடி போய், வண்டியை ரெடியில் (ஓடத் தயாரான நிலையில்) வைத்து, ஏசியை முழு வேகத்தில் போட்டு, கையில் கடிகாரத்தோடு உட்காருங்கள். இன்ஜின் நின்றதிலிருந்து மறுபடி தானாக ஸ்டார்ட் ஆகும்வரை எவ்வளவு நேரம் என்று குறியுங்கள். நாலைந்து சுற்று பாருங்கள். இதற்கு ஒரு கருவியும் வேண்டாம். பார்க்கிங்கிலோ டிரைவிலோ வையுங்கள். நியூட்ரலில் வைத்தால் பேட்டரி சார்ஜ் ஆகாது.

கொளத்தூர்_செல்வா:

சார், ரொம்ப நன்றி. இப்படிக் கணக்குப் போட்டு யாரும் சொன்னதில்லை. போன்ல ஆப் போட்டுப் பார்க்கலாம்னு சொல்றாங்களே, அது எப்படி?

தண்டையார்பேட்டை_ஒயர்மேன்:

அண்ணே, நான் சொல்றேன். ஹைபிரிட் வண்டி வேலை கைல எடுத்து செய்றவன் நானு.

ஓபிடி அடாப்டர் ஒண்ணு வாங்கிக்கோ, காரோட கம்ப்யூட்டர படிக்கற கருவி, புளூடூத்ல போனோட சேர்றது. ஸ்டீரிங் கீழ போர்ட் இருக்கும், சொருகு. போன்ல டாக்டர் பிரியஸ் ஆப்பு இல்லன்னா ஹைபிரிட் அசிஸ்டன்ட் போடு. டார்க் புரோவும் ஆகும், ஆனா அதுல கேம்ரிக்குத் தனியா லிஸ்ட் ஏத்தணும். ரொம்ப சீப் அடாப்டர் வாணாம். அது மெதுவா படிக்கும், பேட்டரில ஒரு பகுதிய இப்ப, அடுத்த பகுதிய கொஞ்ச நேரம் கழிச்சுன்னு. நடுவுல நீ ஆக்சிலேட்டர்ல காலை அசைச்சின்னா நம்பர்லாம் தாறுமாறா வரும், நல்ல பேட்டரிய கெட்டதுன்னு நெனைச்சுப்ப.

கேம்ரில 34 மாட்யூலையும் ரெண்டு ரெண்டா சேத்து 17 பிளாக்கா கம்ப்யூட்டர் பாக்கும். பிரியஸ்ல 28 மாட்யூல், 14 பிளாக்கு. நீ பாக்க வேண்டியது இந்த 17 நம்பர மட்டும்தான். சும்மா நிக்கும்போது எல்லாம் ஒரே மாரிதான் காட்டும், 15 வோல்ட்டுக்கு மேல. அத பாத்துட்டு "சோக்கா கீது"ன்னு காசு குடுத்துடாத. லோடு குடுக்கும்போதுதான், அதாவது அழுத்தி ஓட்டி பேட்டரிய வேலை வாங்கும்போதுதான் வண்டவாளம் தெரியும்.

முக்கியமா இன்னொண்ணு. எரர் கோடு ஏதும் இருக்கான்னு ஸ்கேன் பண்ணு. டிஸ்பிளேல தெரியற கோடு இல்ல, கம்ப்யூட்டர்ல பதிவாகற கோளாறு நம்பரு. பி0ஏ80 வந்தா பேட்டரி மாத்துன்னு அர்த்தம். பி0ஏ7எஃப் வந்தா பேட்டரி தேஞ்சு போச்சுன்னு. பி3011ல இருந்து வர்ற நம்பருங்க எந்த பிளாக்கு வீக்குன்னு சொல்லும். ஒண்ணுமே வரலன்னாலும் நம்பாத. விக்கறவங்க வண்டி காட்டறதுக்கு முன்னாடி கோட அழிச்சுட்டுக் காட்டுவாங்க, ரெண்டு நிமிஷ வேல. அதனால "கோடு அழிச்ச பிறகு ஓடின தூரம்"னு ஒரு ரீடிங் ஓபிடிலயே இருக்கு, அத எடு. ஒரு லட்சம் ஓடின வண்டில அது 30 கி.மீ.ன்னு வந்தா, ஏன் அழிச்சீங்கன்னு கேளு. நல்ல பதில் இல்லன்னா வந்துடு.

காசிமேடு_ஜெனி:

2013 கேம்ரி ஹைபிரிட் வெச்சிருக்கேன், கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா வாங்கினது. எங்க பக்கத்துக்கே உரிய ரெண்டு பிரச்சனையைச் சொல்லணும், ஏன்னா இந்த வண்டி வடசென்னையிலயே ஓடினதா இருக்கலாம்.

ஒண்ணு தூசி. பேட்டரி பின் சீட்டுக்குப் பின்னாடி இருக்கு. அதைக் குளிர வைக்க ஒரு ஃபேன் காருக்குள்ள இருக்கற காத்தைத்தான் இழுக்குது. அந்தக் காத்து வழி அடைச்சா பேட்டரி வெந்து போகும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்லயும் மணலி ரோட்லயும் கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல தினமும் போற வண்டிக்கு உள்ள எவ்வளவு தூசி இறங்கும்னு உங்களுக்கே தெரியும். எங்க வண்டியில ஃபேனைக் கழட்டினப்போ அந்தச் சின்னச் சின்ன இறக்கைங்களுக்கு நடுவுல கருப்பா, பஞ்சு மாதிரி ஒட்டிக் கிடந்துச்சு. சீட்டுத் துணி நூலு, தலைமுடி, கரித்தூள் எல்லாம் சேர்ந்து ஒரு படலம். கையால உரிச்சு எடுத்தோம். அதுக்கப்புறம் அதே ரோட்ல, அதே வெயில்ல பேட்டரி சூடு தெளிவா குறைஞ்சுது. ஆப்ல பேட்டரி வெப்பமும் ஃபேன் வேகமும் தெரியும், செல்வா அதையும் பாருங்க. மிதமா ஓட்டும்போதே ஃபேன் உச்ச வேகத்துல கத்திட்டு இருந்தா காத்து வழில ஏதோ அடைப்பு. பின் சீட்டுக்காரங்க தலகாணி, துணிப்பை எதையும் ஃபேன் காத்து இழுக்கற ஓட்டை மேல வெக்கக் கூடாது.

ரெண்டாவது உப்புக் காத்து. மாட்யூலுங்களை இணைக்கற செம்புப் பட்டை, அதான் பஸ்பார், பச்சை பூத்துப் போகும். கடலை ஒட்டி நிறுத்தற வண்டியில சீக்கிரமே வருது. பேட்டரி நல்லா இருந்தாலும் அந்தப் பச்சையினால ரீடிங் தப்பா காட்டும். ஒயர்மேன் அண்ணா இதைச் சொல்லுவாருன்னு பார்த்தேன்.

தண்டையார்பேட்டை_ஒயர்மேன்:

கரெக்ட்டுமா, எழுத வந்தேன் நீ எழுதிட்ட. பேட்டரி போச்சுன்னு இங்க வந்த வண்டிங்கள்ல வெறும் பஸ்பார் தேச்சு கழுவி, நட்டு சரியா டைட் வெச்சு அனுப்பினது உண்டு. அதனாலதான் எரர் கோடு பாத்த ஒடனே முழு பேட்டரி பேக்க மாத்துன்னு சொல்றவன் பேச்ச கேக்காதன்னு சொல்றது. தொறந்து பாக்கணும்.

மூலக்கடை_டிராவல்ஸ்:

ஆப்பை ரொம்ப நம்பாதீங்க. என்கிட்ட இருந்த ஒரு ஹைபிரிட்ல ஆப் பேட்டரி ஆரோக்கியம் 70 சதவீதம்னு காட்டிச்சு. கொஞ்ச நாள்லயே முக்கோண விளக்கு எரிஞ்சு வண்டி படுத்துடுச்சு. கஸ்டமர் உள்ள, வெயில்ல நடுரோட்ல. அதனாலதான் முதல்லயே கி.மீ. பார்த்து விடச் சொன்னேன். எனக்கு அந்த அனுபவம் போதும்.

லோகோ_ரிடையர்டு:

டிராவல்ஸ் சார், உங்கள் கோபம் நியாயமானது. அந்த ஒற்றைச் சதவீத எண்ணை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் தப்பு கருவியில் இல்லை, எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்பதில்தான். 34 மாட்யூலில் 33 நன்றாக இருந்து ஒன்று செத்துக்கொண்டிருந்தால் சராசரி நன்றாகத்தான் வரும். தொடர் இணைப்பில் சராசரிக்கு மதிப்பே இல்லை. ரேக்கில் ஒரு பெட்டியின் பிரேக் பிடித்துக்கொண்டால் மொத்த ரயிலும் நிற்கும் இல்லையா, அதேதான். பிளாக்குகளுக்கு இடையில் எவ்வளவு வித்தியாசம், அது லோடு ஏறும்போது எவ்வளவு விரிகிறது, இதுதான் பேட்டரியின் ஆரோக்கியம். மற்ற எல்லாம் இதற்குத் துணைச் சாட்சி.

ஏன் லோடு தேவை என்பதை ஓம் விதியை (ஆம்பியர் × தடை = இறங்கும் வோல்ட்) வைத்தே சொல்லிவிடலாம். ஒரு பிளாக்கில் 12 செல். ஓய்வில் 15.5 வோல்ட் என்று கொள்ளுங்கள். உள்தடை 0.02 ஓம் என்று கொள்ளுங்கள். வண்டியை அழுத்தி ஓட்டும்போது 100 ஆம்பியர் போகிறது. 100 × 0.02 = 2 வோல்ட் இறங்கும், பிளாக் 13.5 காட்டும். பக்கத்துப் பிளாக்கில் தடை 0.03 ஆகியிருந்தால் 3 வோல்ட் இறங்கி 12.5 காட்டும். ஓய்வில் இரண்டும் 15.5 தான். சிக்னலில் நின்று பார்த்தால் வித்தியாசம் பூஜ்யம், அழுத்தினால் ஒரு வோல்ட். வியாபாரியின் முற்றத்தில் நிறுத்தி வைத்துச் சோதிப்பதில் பயன் இல்லை என்பது இதனால்தான்.

இதை இன்னொரு படி கொண்டுபோகலாம். ஒரு பிளாக் மட்டும் தனித்துத் தெரிந்தால், அதன் நோய் என்ன என்பதையும் இதே எண்களிலேயே பிரித்தறியலாம்.

தடை கூடியிருந்தால்: ஓய்வில் மற்றவற்றோடு சமம். இழுக்கும்போது மற்றவற்றைவிடக் கீழே. சார்ஜ் ஏறும்போது மற்றவற்றைவிட மேலே. பஸ்பார் பச்சை, தளர்ந்த நட்டு, செல்லின் உள்தடை மூன்றுமே இப்படித்தான் காட்டும்.

ஒரு செல் செத்திருந்தால்: ஓய்வு, இழுப்பு, சார்ஜ் எந்த நிலையிலும் ஏறக்குறைய 1.2 வோல்ட் குறைவாகவே நிற்கும். 12 செல் வேலை செய்யவேண்டிய இடத்தில் 11 தான் இருக்கிறது.

கொள்ளளவு சுருங்கியிருந்தால்: சார்ஜ் நிறைந்திருக்கும்போது சமமாக ஆரம்பிக்கும், கோடு இறங்க இறங்க அந்தப் பிளாக் மட்டும் முன்கூட்டியே சரியும். திரும்ப ஏறும்போதும் அதுதான் முதலில் உயரும்.

மூன்றாவது வகைதான் டிராவல்ஸ் சாரின் வண்டியில் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். கோடு பாதிக்கு மேல் இருக்கும்போது மட்டும் சோதித்தால் அது கண்ணில் படாது. அதனால் பேட்டரியை அடிமட்டம்வரை இறங்கவிட்டும் பார்க்கவேண்டும்.

கொளத்தூர்_செல்வா:

சார், இதைப் பிரின்ட் எடுத்து வெச்சுக்கறேன். எங்க ஓட்டிச் சோதிக்கறது? நம்ம ஊரு தட்டையாச்சே, மேடே கிடையாதே.

தண்டையார்பேட்டை_ஒயர்மேன்:

மேம்பாலம் இருக்குல்ல! மூலக்கடை பாலம், பெரம்பூர் பாலம். ஆனா அங்க டிராஃபிக்ல முழுசா அழுத்த முடியாது. வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்குப் போயிடு. மீஞ்சூர் பக்கம் காலி ரோடா பாத்து, 40ல இருந்து 90 வரைக்கும் ஒரே மாரி அழுத்திப் புடி. காலை அசைக்காத, அஞ்சாறு செகண்டு அதே லோடு இருக்கணும், அப்பதான் ஆப்பு 17 பிளாக்கையும் ஒழுங்கா படிக்கும். அப்புறம் பிரேக்க மெதுவா நீளமா புடி, சார்ஜ் ஏறும், அப்பயும் படி. போன நீ பாக்காத, பக்கத்துல ஒருத்தர குந்த வை. ஸ்கிரீன் ரெக்கார்டு போட்டுட்டா வீட்ல போய் நிறுத்தி நிறுத்திப் பாக்கலாம்.

மத்தியானமா போ. காலைல ஜில்லுன்னு இருக்கும்போது பாத்தா பேட்டரி சூடாகி என்ன பண்ணும்னு தெரியாது.

அதுக்கு முன்னாடி டிக்கில இருக்கற சின்ன பேட்டரிய மீட்டர் வெச்சு பாரு. அந்த 12 வோல்ட் பேட்டரி வீக்கா இருந்தா வண்டி என்னென்னமோ வார்னிங் காட்டும், ரெடி வராது, ஜனங்க பெரிய பேட்டரி போச்சுன்னு பயந்துடுவாங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டில 12.6 பக்கம் இருந்தா நல்லது. 12க்குக் கீழன்னா மொதல்ல அத மாத்திட்டு அப்புறம் மத்தத பேசு.

புளியந்தோப்பு_ரஷீத்:

யாரும் வெள்ளத்தைப் பத்திப் பேசலையே பாய்! 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க ஏரியா, வியாசர்பாடி, கொளத்தூர்னு எத்தனை கார் தண்ணியில நின்னுச்சு. இந்த வண்டியில பேட்டரி டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவுல கீழ உக்காந்திருக்கு. சீட்டு நனையற அளவு தண்ணி வந்திருந்தா பேட்டரியும் குளிச்சிருக்கும். டிக்கி மேட்டைத் தூக்கி ஸ்டெப்னி குழியில சேத்துக் கோடு இருக்கான்னு பாருங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க, மடிப்புல இருக்கற சேறு யாரும் கழுவ மாட்டாங்க. இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வரலாறு கேளுங்க. ஸ்கேன்ல பி0ஏஏ6 வந்துச்சுன்னா ஹை வோல்டேஜ் பாடிக்குக் கசியுதுன்னு அர்த்தம். அந்த வண்டியை நான் வாங்க மாட்டேன்.

கொளத்தூர்_செல்வா:

பாய், நன்றி. வண்டி மிக்ஜாம் சமயத்துல ஓசூர்ல இருந்ததுன்னு சர்வீஸ் பில்லு காட்டினாங்க. இருந்தாலும் பெல்ட்டை இழுத்துப் பார்த்துடறேன்.

மூலக்கடை_டிராவல்ஸ்:

சரி, ஒரு கேள்வி. ஒரு மாட்யூல் மட்டும் வீக்குன்னா அதை மட்டும் மாத்திக்கலாமே? கம்மி செலவுல முடிஞ்சுடும்னு சில பேர் சொல்றாங்க.

காசிமேடு_ஜெனி:

வேண்டாம். எங்க வண்டிக்கு ஒரு கடையில அதான் செஞ்சாங்க. பழைய பேக்ல இருந்து எடுத்த மாட்யூலை மாத்திக் குடுத்தாங்க. கொஞ்ச மாசம் ஓடிச்சு. அப்புறம் வேற பிளாக் போச்சு, அதை மாத்தினா இன்னொண்ணு. எல்லா மாட்யூலும் ஒரே வயசு, ஒரே வெயில்ல வெந்தது. ஒண்ணு போச்சுன்னா மத்ததும் பின்னாடியே வரும். கடைசில முழு பேக்தான் போட்டோம். முதல்லயே போட்டிருந்தா நடுவுல செலவழிச்சது மிச்சம்.

தண்டையார்பேட்டை_ஒயர்மேன்:

ஜெனிமா, உன் கஷ்டம் புரியுது, ஆனா எல்லாத்தையும் ஒரே தராசுல வெக்காத. கைக்கு வந்த ஏதோ ஒரு மாட்யூல சொருகினா நீ சொன்ன மாரிதான் ஆவும். ஒழுங்கா செய்றவன் எல்லா மாட்யூலையும் தனித்தனியா சார்ஜ் ஏத்தி, எறக்கி, எவ்ளோ கொள்ளுதுன்னு அளந்து, அதே அளவு கொள்ற மாட்யூலாப் பாத்துதான் போடுவான். ரெண்டு மூணு சுத்து ஏத்தி எறக்கணும், நாள் புடிக்கும். சாயங்காலமே வண்டி ரெடின்னு சொல்ற எடத்துல அது நடக்கல, அவ்ளோதான். வண்டிய இன்னும் ஒரு வருஷம் ஓட்டிட்டு விக்கப் போறவருக்கு இது தாங்கும். அஞ்சு வருஷம் ஓட்டணும்னா புது பேக்குதான், நானே அதத்தான் சொல்வேன்.

லோகோ_ரிடையர்டு:

இருவர் சொல்வதும் ஒரே இடத்தில்தான் முடிகிறது. செல்வா தினமும் ஸ்ரீபெரும்புதூர் போகிறவர். அவருக்கு மாட்யூல் மாற்று வேலை சரிவராது.

ஒரு எச்சரிக்கை, இதைப் படிக்கும் இளைஞர்களுக்காக. வீட்டில் யாரும் அந்த பேக்கைத் திறக்க முயலாதீர்கள். 244.8 வோல்ட் டிசி, பிடித்தால் விடாது. பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும், குறைந்தது பத்து நிமிடம் காத்திருக்கவேண்டும். பிளக்கைப் பிடுங்கினாலும் மாட்யூல்களில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். ஆயிரம் வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை, காப்பிட்ட ஸ்பேனர் இல்லாமல் கை வைக்கக் கூடாது. ஆரஞ்சு நிற ஒயர் எங்கே தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். என்னோடு வேலை பார்த்தவர்களை டிசி அடித்ததைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

கொளத்தூர்_செல்வா:

எல்லாருக்கும் நன்றி. மச்சானைப் பக்கத்துல உக்கார வெச்சு மீஞ்சூர் பக்கம் போய் வந்துட்டேன். ரீடிங் கீழ.

எரர் கோடு எதுவும் இல்ல. கோடு அழிச்ச பிறகு ஓடின தூரம் ஆயிரக்கணக்குல காட்டுது, அதனால சமீபத்துல யாரும் அழிக்கல. 12 வோல்ட் பேட்டரி 12.5. பெல்ட்டு, ஸ்டெப்னி குழி ரெண்டும் சுத்தம்.

ஓய்வுல 17 பிளாக்கும் 15.4ல இருந்து 15.6க்குள்ள. அழுத்தும்போது 100 ஆம்பியர் பக்கத்துல 16 பிளாக் 13.3ல இருந்து 13.6க்குள்ள நின்னுச்சு. 11ஆவது பிளாக் மட்டும் 12.5. பிரேக் பிடிச்சு சார்ஜ் ஏறும்போது 40 ஆம்பியர்ல மத்ததெல்லாம் 16.3, அந்த 11 மட்டும் 16.7. அடிமட்டம் வரைக்கும் இறக்கியும் பார்த்தேன், இதே வித்தியாசம்தான், கூடல. ஏசி போட்டு நின்னப்போ இன்ஜின் ஸ்டார்ட் ஆக அஞ்சு நிமிஷத்துக்கு மேலயே ஆச்சு. பேட்டரி சூடு 41 டிகிரி வரைக்கும் போச்சு, ஃபேன் சத்தம் நல்லாவே கேட்டுச்சு.

லோகோ_ரிடையர்டு:

அருமையாக எடுத்திருக்கிறீர்கள். ஓய்வில் சமம், இழுப்பில் கீழே, சார்ஜில் மேலே. பிளாக் 11இல் தடை கூடியிருக்கிறது. மற்ற பிளாக்குகளைவிட இழுப்பில் ஒரு வோல்ட் குறைவு, 100 ஆம்பியரால் வகுத்தால் 0.01 ஓம். சார்ஜில் 0.4 வோல்ட் கூடுதல், 40ஆல் வகுத்தால் அதே 0.01 ஓம். இரண்டு பக்கமும் ஒரே விடை வருவதால் அளவை நம்பலாம். செல் செத்திருந்தால் ஓய்விலேயே தெரிந்திருக்கும், கொள்ளளவு போயிருந்தால் அடிமட்டத்தில் சரிந்திருக்கும். இரண்டும் இல்லை. அஞ்சு நிமிடத்துக்கு மேல் தாங்குகிறது என்பதால் மொத்த பேக்கும் அதன் வயதுக்கு நல்ல நிலையில்தான் இருக்கிறது.

ஆனால் அலட்சியம் வேண்டாம். அந்த 0.01 ஓம் ஒரே ஒரு நட்டில் இருக்கிறது என்று வையுங்கள். 100 ஆம்பியரில் அந்த ஒரு நட்டிலேயே 100 வாட் சூடு. விட்டுவைத்தால் பிளாஸ்டிக் உருகும், பக்கத்து மாட்யூலும் கெடும்.

தண்டையார்பேட்டை_ஒயர்மேன்:

பஸ்பாரா மாட்யூலான்னு தொறந்தாதான் தெரியும் அண்ணே. வியாபாரிகிட்ட சொல்லு: கம்பெனி சர்வீஸ் சென்டர்லயோ நம்பிக்கையான ஹைபிரிட் மெக்கானிக்குகிட்டயோ தொறந்து, பஸ்பார் மொத்தத்தையும் கழட்டி சுத்தம் பண்ணி, நட்ட சரியான டார்க்ல (முறுக்கு அளவுல) டைட் வெச்சு, ஃபேனயும் கழுவித் தரணும். செலவு யாருதுன்னு பேசிக்கோ. அப்புறம் அதே ரோட்ல, அதே மாரி அழுத்திப் பாரு. 11ம் மத்ததோட சேந்து 0.3 வோல்ட் வித்தியாசத்துக்குள்ள வந்துச்சுன்னா தைரியமா வாங்கு. அப்டியே நின்னா மாட்யூலுக்குள்ளதான் கோளாறு.

கொளத்தூர்_செல்வா:

கேட்டேன். திறக்கவே மாட்டேன்னுட்டார். "இருக்கற வண்டி இருக்கற மாதிரிதான், வேணும்னா எடுங்க"ங்கறார். விலையில கொஞ்சம் குறைக்கறேன்னு மட்டும் சொல்றார்.

லோகோ_ரிடையர்டு:

திறக்க விடவில்லை என்றால் பேட்டரி போய்விட்டது என்றே வைத்து விலை பேசுங்கள். சர்வீஸ் சென்டரில் புது பேக்குக்கு எழுத்து மூலம் கொட்டேஷன் வாங்குங்கள், பொருத்தும் கூலியும் வரியும் சேர்த்து. லட்சக்கணக்கில்தான் வரும். அந்தத் தொகையை முழுதாகக் கழித்து உங்கள் விலையைச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. வெறும் பஸ்பார் என்று தெரிந்தால் அந்தப் பணம் உங்கள் கையில் நிற்கும்.

காசிமேடு_ஜெனி:

இன்னொரு கணக்கும் போட்டுக்கங்க செல்வா. 2014 ரிஜிஸ்ட்ரேஷன்னா 15 வருஷ ஆர்.சி. 2029ல முடியுது. அப்புறம் எஃப்.சி. காட்டி ரீ-ரிஜிஸ்ட்ரேஷன் பண்ணணும். புது பேக் போடற செலவை எத்தனை வருஷத்துக்குப் பிரிக்கறீங்கன்னு அதை வெச்சு முடிவு பண்ணுங்க.

மூலக்கடை_டிராவல்ஸ்:

இவ்வளவு விவரமா அளந்து பார்த்து வாங்கறவரை இப்பதான் பார்க்கறேன். இது கைகூடலன்னா சொல்லுங்க, அண்ணா நகர்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் 2016 கேம்ரி ஹைபிரிட் குடுக்கப் போறார். அதையும் இதே மாதிரி ஓட்டிப் பாருங்க, நான் கூட வர்றேன்.

கொளத்தூர்_செல்வா:

கொட்டேஷன் கேட்டு மெயில் போட்டாச்சு. அந்த நம்பரைக் கழிச்சுதான் மாதவரத்துக்காரர்கிட்ட விலை சொல்லப் போறேன், இறங்கலன்னா விட்டுடறேன். டிராவல்ஸ் அண்ணா, டாக்டர் வண்டி விவரம் தனி மெசேஜ்ல அனுப்புங்க. அடாப்டர் என்கிட்டதான் இருக்கு, பெரம்பூர், கொளத்தூர் பக்கம் யாருக்காவது வேணும்னா வந்து வாங்கிட்டுப் போகலாம்.